பின்வாசலில் மாட்டிய சட்டை

மத்தியான நேரத்தில் எங்கள் கடைக்குள் பஞ்சு பறக்கும். வெட்டுமேஜையிலிருந்தும் தையல் மெஷினிலிருந்தும் கிளம்புகிற துகள்தான். ஆனால் மேல் ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும்போது, அது கீழே இறங்க மனசில்லாமல் மேலே போகவும் வழி தெரியாமல் அப்படியே நடுவில் மிதந்துகொண்டிருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொக்கிப் போகும். அண்ணி அந்த நேரத்தில் துணி உருளைகளுக்கு நடுவே தலையைச் சாய்த்துவிடுவாள். அண்ணன் தூங்கிக்கொண்டே தைக்கிறான் என்று நான் கேலி செய்வேன். ஆனாலும் அவன் தைத்த கோடு ஒரு நாளும் கோணியது கிடையாது.

கடை அண்ணியுடையது. பூச்சிமருந்து அடிக்காமல் விளைந்த பருத்தித் துணியில் சட்டை, குழந்தை உடுப்பு, வீட்டில் போட்டுக்கொள்ளும் தளர்வான ஆடைகள் எல்லாம் தைத்து விற்கிறோம். 'ஆர்கானிக் காட்டன்' என்று வாசலில் பலகை தொங்குகிறது. வெட்டுவதும் தைப்பதும் அண்ணன். மடித்து வைப்பது, பெருக்குவது, வருகிறவர்களுக்குப் பல்லைக் காட்டுவது எல்லாம் நான். முதல் இரண்டும் எனக்கு நன்றாக வரும்.

வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூமியின் மேல் இரக்கப்பட்டு வருவார்கள். ஆனால் வண்டி நிறுத்த இடமில்லை என்று எதிர்க்கடைக்காரரோடு மல்லுக்கு நின்றுவிட்டு மூச்சு வாங்க உள்ளே நுழைவார்கள். துணியை மோந்து பார்ப்பார்கள். கன்னத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். தோலுக்கு நல்லதா, அரிக்காதா, குழந்தைக்குப் போடலாமா என்று கேட்பார்கள். எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றி அவரவர் தோலில்தான் வந்து நிற்கும். வேறு கடையில் இந்த விலைக்கு நாலு சட்டை வாங்கலாமே என்று யாராவது இழுத்தால், அண்ணி "வாங்கலாம்" என்று மட்டும் சொல்வாள். அவளுக்கு வியாபாரம் தெரியாது என்று நான் வீட்டில் அம்மாவிடம் கோள் சொல்வேன். வீம்புக்கென்றே மினுமினுக்கும் பாலியெஸ்டர் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் கல்லாவில் உட்காருவேன். அண்ணி அதைக் கண்டுகொள்ளவே மாட்டாள். அதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

இப்படி இருக்கும்போதுதான் வக்கீலம்மா வர ஆரம்பித்தார். உண்மையில் அவர் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். காலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைவார். கூண்டில் ஏற்றி நிறுத்தியதுபோல அண்ணியைக் கேள்வி கேட்பார். அதனால் அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். யார் விதைத்தது, யார் பறித்தது, பக்கத்து வயலில் மருந்தடித்தால் காற்றில் வராதா, பஞ்சை எங்கே அரைத்தார்கள், அங்கே வேறு பஞ்சு கலக்காதா என்று போய்க்கொண்டே இருக்கும். அண்ணி சான்றிதழை எடுத்து நீட்டினால் அதைத் தொடக்கூட மாட்டார். "காகிதம் இருக்கட்டும்மா, நீ சொல்லு" என்று அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அண்ணியும் சலிக்காமல் சொல்வாள். எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் போய்விடுவார். தோலைப் பற்றி மட்டும் அவர் கேட்டதே இல்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

ஒரு மத்தியானம் அண்ணி வெளியே போயிருந்தாள், அண்ணன் உள்ளே தைத்துக்கொண்டிருந்தான். வக்கீலம்மா வந்து பஞ்சு மிதப்பதைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். தூக்கம் கெட்ட எரிச்சலில் நான் நேராகவே கேட்டுவிட்டேன், சட்டை யாருக்குத்தான் அக்கா என்று. வீட்டுக்காரருக்கு என்றார். அப்படியென்றால் அவரையே கூட்டிக்கொண்டு வாருங்கள், அளவெடுத்துவிடலாம் என்றேன்.

"அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா" என்றார்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். பருத்திக் காடுகளில் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பதுதான் அவர் வீட்டுக்காரரின் வேலை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். வேலை முடிந்து வந்தால் முன்வாசல் பக்கமே வர மாட்டார். சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போய், அங்கேயே உடுப்பைக் கழற்றிப் போட்டு, டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளிப்பார். நிலைப்படிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் வக்கீலம்மா துவைத்த சட்டையை மாட்டி வைத்திருப்பார். அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே காலை வைப்பார், மகளைத் தூக்குவார். வேலைச் சட்டையோடு ஒரு நாளும் மகளைத் தொட்டதில்லை. அந்தச் சட்டையை இவர் தனி வாளியில் குச்சியால் கிளறித்தான் துவைப்பார். பிறகு இருமல் வந்தது. அது போகவே இல்லை. காரணம் இன்னதுதான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. இவரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

இப்போது மத்தியானம் கண்ணயர்ந்தால் அவர் வருகிறாராம். பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்குமாம். பிறகு கையை நீட்டி ஆணியைத் தடவுவாராம். ஆணியில் ஒன்றும் இருக்காது. ஈரத்தோடு அப்படியே நிற்பாராம். இவர் எழுந்து, பெட்டியிலிருந்த அவருடைய பழைய சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி வைத்துப் பார்த்திருக்கிறார். கனவில் அவர் எடுத்து மோந்து பார்ப்பார், திரும்ப மாட்டிவிடுவார். ஒரு தடவை, இதிலும் அந்த வாடை இருக்கிறதே என்று சொன்னாராம். கடையில் வாங்கும் எல்லாப் பருத்தியும் யாரோ மருந்தடித்த பருத்திதானே என்று அப்போதுதான் இவருக்கு உறைத்திருக்கிறது.

"மருந்து படாத சட்டை ஒண்ணு மாட்டி வச்சா உள்ள வந்துடுவார்மா. அவர் மூக்கை ஏமாத்த முடியாது. அதான் இத்தனை கேள்வி கேக்கறேன்."

சாதாரணமாக இந்த மாதிரிக் கதைக்கு நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அன்றைக்குச் சிரிக்க ஓர் இடம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அண்ணி வந்ததும் சொன்னேன். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அளவு என்ன என்று மட்டும் கேட்டாள். வக்கீலம்மா அண்ணனை எழுந்து நிற்கச் சொல்லி, தோளைப் பார்த்து, இவரைவிட அவர் கொஞ்சம் ஒடுக்கம் என்றார். உருளையில் துணி தீரும் நிலையில் இருந்தது. கடைசித் துண்டு ஓர் அரைக்கைச் சட்டைக்குப் போதும். புது உருளை வர நாளாகும் என்பதால் அதிலேயே தைத்துவிடலாம் என்று முடிவானது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களுக்குத் துணி பின்னித் தருகிறவர் அதே மெஷினில் சாதாரண நூலையும் ஓட்டுகிறவர். எங்கள் நூலுக்கு மாறும்போது பழைய நூலின் நுனியில் புது நூலை முடிந்து ஓட்டுவார். அதனால் முதலில் பின்னி வரும் துணியில் இரண்டும் கலந்திருக்கும். அந்தக் கலப்பு முடிகிற இடத்தில், துணியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். முதலில் சுற்றியதுதானே உருளையில் கடைசியாக வெளியே வரும்? ஆகவே உருளை தீரும் நேரத்தில் சிவப்பு நூலைப் பார்த்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கப்பால் இருப்பது மெஷின் துடைக்கத்தான். அந்தத் துண்டைத் துடைக்கக் கொடுக்கும்போது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும், சொத்தை எழுதிக் கொடுத்தவன் மாதிரி இருப்பான். கஞ்சன். ஆனால் நேர்மையான கஞ்சன்.

சட்டை அழகாக வந்தது. சாயம் போடாத வெண்மை. வக்கீலம்மா பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதை இரண்டு கைகளிலும் ஏந்தி எடுத்துக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை நானும் அண்ணியும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு ஏனோ மனசு நிறைந்திருந்தது.

அடுத்த வாரம் வெட்டுமேஜைக்கு அடியில் நன்றாகக் குனிந்து பெருக்கியபோது, குப்பையோடு ஒரு சிவப்பு நூல் வந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. எடுத்து அண்ணியிடம் காட்டினேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் மேலே மிதந்த பஞ்சையே பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான், துணியை விரித்தபோது ஓரத்தில் ஏதோ நூல் தொங்கியது, வெட்டிப் போட்டேன் என்று.

அவனைத் திட்டவும் முடியவில்லை. தொங்கும் நூலைக் கண்டால் தையல்காரன் கை சும்மா இருக்காது. கல்யாண மேடையில் மாப்பிள்ளை சட்டையில் நூல் தொங்கினாலும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நறுக்கிவிட்டு வருகிற ஆள் அவன். என்ன நூல், எதற்குக் கட்டியது என்று மனசு யோசிப்பதற்குள் கை வேலையை முடித்திருக்கிறது.

அண்ணன் முதலில் வாதாடித்தான் பார்த்தான். கலந்திருந்தாலும் ஏதோ கொஞ்சம்தான் கலந்திருக்கும். நிறத்தில் வித்தியாசம் இல்லை, தொட்டாலும் தெரியாது. பாவம், அந்தம்மா சந்தோஷமாகப் போனார், போய்ச் சொல்லி எதற்கு மனசைப் புண்ணாக்க வேண்டும் என்றான். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அண்ணி துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தாள்.

"அவங்க காகிதத்தைப் பார்க்கலைங்க. என் மூஞ்சியைப் பார்த்துத்தான் வாங்கினாங்க. இனிமே இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் எப்படி இங்க உட்காருவேன்?"

அண்ணி போய்ச் சொல்லக் கிளம்பினாள், ஆனால் வாசல்வரை போவதற்குள் கண் கலங்கிவிட்டது. வக்கீலம்மா கதையை என்னிடம்தான் சொன்னார், நானே போகிறேன் என்றேன். பேச்சில் என்னை மிஞ்ச ஆளில்லை என்கிற நினைப்பு எனக்கு. தெரு பாதி தாண்டியதும் அந்த நினைப்பு காணாமல் போனது.

குறுகலான தெருவில் அவர் வீடு. டிக்கெட் கவுன்டர் சீருடையைக்கூட மாற்றாமல் கதவைத் திறந்தார். மகள் வெளியூரில் படிக்கிறாள், வீட்டில் அவர் மட்டும்தான். என்னை நேராகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். டிரம், துவைக்கிற கல், நிலைப்படி, ஆணி எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தன. ஆணியில் நாங்கள் தைத்த சட்டை தொங்கியது. காற்று வரும்போதெல்லாம் லேசாக உப்பி அடங்கியது.

நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே சொன்னார். கனவில் வீட்டுக்காரர் வந்தாராம். சட்டையை எடுத்தாராம். மோந்து பார்த்தார், போட்டும் கொண்டார். நிலைப்படி வரைக்கும் வந்தார். ஆனால் தாண்டவில்லை, அங்கேயே நின்றுவிட்டார்.

"கோபம் என் மேலதான்மா. இப்பத்தான் புரியுது."

அவர்கள் மகளுக்குச் சின்ன வயதில் ஒரு நாள் கடும் காய்ச்சல். யாரோ போய்ச் சொல்ல, மனுஷன் டேங்கைக் காட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். பதற்றத்தில் பின்வாசல் நினைவில்லை, முன்வாசல் வழியாகவே நுழையப் போயிருக்கிறார். இந்த நாற்றத்தோடு உள்ளே காலை வைக்காதே என்று இவர் கத்தியிருக்கிறார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி, சுற்றிக்கொண்டு பின்னால் போயிருக்கிறார். அதற்கப்புறம் குளித்து முடித்த பிறகும் நிலைப்படியில் நின்று, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாராம். படுத்த படுக்கையாக ஆகும்வரை அப்படித்தானாம். முதலில் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டாராம்.

"கடைசிவரைக்கும் மறக்கலை போல. சட்டை சுத்தமா இருந்து என்ன, வான்னு சொல்ல வேண்டிய வாய் சுத்தமா இல்லையே" என்றார். சத்தமே இல்லாமல் அழுதார். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து, சீருடையின் கைப்பகுதி நனைந்துவிட்டது.

அண்ணன் சொன்ன நியாயமெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த அழுகைக்கு முன்னால் அதில் ஒன்றுகூட நிற்கவில்லை. நான் பேசாமல் இருந்தால், எங்கள் துணியில் இருந்த குற்றத்தை இந்த மனுஷி ஆயுசுக்கும் தன் தலையில் சுமப்பார்.

"அக்கா, கோபம் உங்க மேல இல்ல. சட்டைதான் சுத்தம் இல்ல" என்றேன்.

சிவப்பு நூலைப் பற்றி, அண்ணன் கையைப் பற்றி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எழுந்துபோய்ச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எந்த நூல் எது என்று அதில் யாருக்குத் தெரியும்? ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப இதுல கலந்திருக்கிற பருத்திக்கு மருந்தடிச்சது யாரு?"

தெரியாது அக்கா என்றேன். அவர் அழுகை நின்றுபோயிருந்தது. அப்போ அவர் என் மேல் கோபமாக இல்லை, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சட்டையை என்னிடம் திருப்பித் தரவில்லை. மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, வேறொன்று தைத்துத் தரச் சொன்னார்.

புது உருளை வந்தது. அண்ணி கத்தரிக்கோலை அண்ணனிடம் தரவே இல்லை. உருளையின் வெளிநுனியிலிருந்து தன் கையாலேயே அளந்து வெட்டினாள். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றான். தைக்கும்போது மட்டும் அவனை விட்டோம். மெஷின் சத்தம் அன்றைக்கு எனக்குத் தாலாட்டுபோல இருந்தது. தூங்கிவிடக் கூடாது என்று எழுந்து நின்றுகொண்டேன்.

சட்டையை நான்தான் கொண்டுபோனேன். வக்கீலம்மா அதை வாங்கி, மோந்துகூடப் பார்க்காமல், ஆணியில் மாட்டினார். தோள்களை நேராக இழுத்துவிட்டார். பிறகு உள்ளறையில் பாயை விரித்தார். போய்விடாதே, எழுந்ததும் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் பின்வாசல் நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். தெருவில் யாரோ மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. வெயில் துவைக்கிற கல்லைவிட்டு மெதுவாக இறங்கியது.

எப்போது கண் அசந்தது என்று தெரியவில்லை. டிரம்முக்கு மேலே பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. எங்கள் கடைப் பஞ்சு இங்கே எப்படி வந்தது, பெருக்க வேண்டுமே என்று நினைத்தேன். தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, யாருக்கும் அவசரம் இல்லாத மாதிரி. சோப்பு வாசனை வந்தது. கல்லிலிருந்து என்னை நோக்கி ஈரக் காலடிகள் வந்தன. அண்ணன் தோளைவிடக் கொஞ்சம் ஒடுக்கமான தோள். வெள்ளைச் சட்டை. எனக்குப் பயமே வரவில்லை. அவர் எனக்கு முன்னால் வந்து நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"கொஞ்சம் வழி விடும்மா."

நிலைப்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். வெட்கமாகப் போய்விட்டது. சட்டென்று ஒதுங்கினேன். துணியின் ஓரம் என் கன்னத்தில் பட்டும் படாமலும் போனது.

விழித்தபோது நான் நிலையோடு ஒட்டி, ஓரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டை ஆணியிலேயே இருந்தது. கல் காய்ந்திருந்தது. உள்ளே பாய் சுருட்டும் சத்தம் கேட்டது.

வக்கீலம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தூங்கி எழுந்த முகம் குழந்தை முகம் மாதிரி தெளிந்திருந்தது. வந்துவிட்டார் என்றார். வரலாமா என்று கேட்கவே இல்லையாம். நேராக வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். நான் என் கனவைச் சொல்லவில்லை. சொன்னால் அது என்னுடையதாகிவிடும் என்று தோன்றியது. எனக்குக் கண்ணீர் வந்தது, மறைக்கவும் இல்லை.

பிறகு அவர் மறுபடி சொன்னார்.

"அவர் உள்ள வந்ததும் கதவைச் சாத்தப் போனேன். வெளிய இன்னொருத்தர் நிக்கிறாரும்மா. முதுகுல டேங்க், மூஞ்சியில துணி கட்டியிருக்கு. யாருன்னு தெரியல. அந்த ஆணியையே பார்த்துக்கிட்டு நிக்கிறார்."

எங்கள் கடைக்கு வந்து போகிற முகங்களெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. என் மினுமினுப்பு உடுப்பும் நினைவுக்கு வந்தது. கடைப் பழக்கத்தில், அவருக்கு அளவு என்ன அக்கா என்று கேட்டேன்.

"உங்க அண்ணன் அளவுக்கே தைக்கச் சொல்லு. நூலை மட்டும் வெட்டிடாம பார்த்துக்கோ."

சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு சுத்தியலையும் ஓர் ஆணியையும் எடுத்து வந்தார். பழைய ஆணிக்குப் பக்கத்தில், ஒரு சட்டைத் தோள் அகலம் தள்ளி, சுவரில் இடம் பார்த்தார். நான் ஆணியைப் பிடித்துக்கொண்டேன், அவர் அடித்தார்.